சிரோசிஸ் நோயாளிக்கு மண்ணீரலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா, குறையுமா?

நெய்தல்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. கொழுப்புக் கல்லீரலில் தொடங்கி சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை) வரை வந்து நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் ஒரு முறை ரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பி வழியாக, உள்ளே புடைத்திருந்த ரத்தக்குழாய்களுக்குப் பேண்ட் போட்டார்கள், அதற்குப் பிறகு ரத்தம் போகவில்லை. கார்வெடிலால் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறார். வயிற்றில் நீர் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, நினைவும் தெளிவாகத்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ரத்தப் பரிசோதனை செய்தபோது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 41,000, வெள்ளை அணுக்கள் 2,100, இரண்டுமே குறைவு. ஸ்கேனில் மண்ணீரல் 19 செ.மீ. பார்த்த அறுவை மருத்துவர் ஒருவர், "மண்ணீரலை எடுத்துவிடலாம், பிளேட்லெட்டும் ஏறும், வெள்ளை அணுவும் ஏறும், எதிர்ப்புச் சக்தியும் கூடும்" என்று சொல்லிவிட்டார். வழக்கமாகப் பார்க்கும் கல்லீரல் மருத்துவர் ஊரில் இல்லை, இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார். அப்பா அந்த 41,000 என்ற எண்ணையே நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார். "எடுத்துடலாம்மா, தொல்லை விட்டது" என்கிறார்.

மண்ணீரலே எதிர்ப்புச் சக்தி உறுப்புதானே? அதை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி எப்படிக் கூடும்? இந்த வழியைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கீழ்வானம்:
என் அக்காவுக்குப் போன வருடம் மண்ணீரல் எடுத்தோம். ஹெபடைடிஸ் பி-யால் வந்த சிரோசிஸ். அறுவைக்கு முன் பிளேட்லெட் 32,000. இரண்டே வாரத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஈறில் ரத்தம் கசிவது நின்றது, உடம்பில் ஊதா ஊதாவாக வரும் திட்டுகள் நின்றன. இடது பக்கம் எப்போதும் கல்லை வைத்த மாதிரி பாரம் என்று சொல்வாள், அதுவும் போய்விட்டது. வெள்ளை அணுக்கள் 1,800-இலிருந்து 9,000 ஆனது. எதிர்ப்புச் சக்தி கூடவில்லை என்று எப்படிச் சொல்வது? உங்கள் அப்பாவின் கல்லீரல் இன்னும் தாங்கும் நிலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். தள்ளிப்போட்டால் பிறகு அறுவையே செய்ய முடியாமல் போகலாம்.

இரவுப்பணி:
கல்லீரல் வார்டில் 14 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். நெய்தல், முதலில் அந்த எண்ணைப் பற்றிப் பேசிவிடலாம், அப்பாவின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகத்தான் கல்லீரலுக்குள் போகிறது. சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் பின்னால் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்தில் மண்ணீரல் வீங்குகிறது. நல்ல உடம்பில் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். இப்படி வீங்கிய மண்ணீரலில் 90 சதவீதம் வரைகூட அடைபட்டுக் கிடக்கலாம். அதாவது பிளேட்லெட் இல்லாமல் போய்விடவில்லை, பெரும்பகுதி உள்ளே ஒதுங்கியிருக்கிறது. போதாததற்கு, பிளேட்லெட்டை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும் த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோன் கல்லீரலில்தான் பெரும்பாலும் சுரக்கிறது. கல்லீரல் தளர்ந்தால் அதுவும் குறையும். ஆக, குற்றம் முழுவதும் மண்ணீரலுடையது அல்ல.

இன்னொன்று. அப்பாவுக்குப் போன வருடம் ரத்த வாந்தி வந்தது பிளேட்லெட் குறைவால் அல்ல. அந்தப் புடைத்த குழாய்க்குள் இருந்த அழுத்தத்தால். அதனால்தான் பேண்டும் கார்வெடிலாலும் கொடுத்தார்கள், அவை வேலை செய்தும் இருக்கின்றன. சிரோசிஸில் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களும் குறைகின்றன, உறையாமல் தடுக்கும் பொருள்களும் குறைகின்றன. தராசின் இரண்டு தட்டும் சேர்ந்து கீழே இறங்கிய நிலை. அதனால் 41,000 என்று தாளில் பார்க்கும்போது வரும் பயத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை. எங்கள் வார்டில் 35,000, 40,000 வைத்துக்கொண்டு பல வருடம் நடமாடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

கீழ்வானம், அக்கா நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் வெள்ளை அணுவின் எண்ணிக்கை ஏறியதை எதிர்ப்புச் சக்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணீரலில் அடைபட்டிருந்தவை வெளியே வந்திருக்கின்றன. எண்ணிக்கை வேறு, வேலை வேறு. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்: அறுவைக்கு முன் அக்காவுக்கு என்னென்ன தடுப்பூசி போட்டார்கள்?

கீழ்வானம்:
ஏதோ ஒரு ஊசி போட்டதாக நினைவு. தாளைப் பார்த்துச் சொல்கிறேன்.

செங்காந்தள்:
நெய்தல், நான் மண்ணீரல் இல்லாமல் வாழ்கிறவள். என் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும்.

எனக்கு ஹெபடைடிஸ் சி-யால் வந்த சிரோசிஸ். 2011-ல் அதற்கு இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். இன்டர்ஃபெரான் பிளேட்லெட்டை இன்னும் இறக்கிவிடும். எனக்கு ஏற்கெனவே 38,000. அதனால் மண்ணீரலை எடுத்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்றார்கள். அன்றைக்கு அது நியாயமான காரணம்தான், இன்றும் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தது. இன்டர்ஃபெரானே இல்லாமல் சில மாதங்களில் மாத்திரையிலேயே ஹெபடைடிஸ் சி குணமாகும் காலம் அதோடு தொடங்கிவிட்டது. அந்தக் காரணத்துக்காக இன்று யாரும் மண்ணீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. டிஸ்சார்ஜ் தாளில் தையல் எப்போது பிரிப்பது, எத்தனை கிலோ தூக்கலாம் எல்லாம் எழுதியிருந்தது. இனி காய்ச்சல் வந்தால் உனக்கு அது சாதாரணக் காய்ச்சல் அல்ல என்று ஒரு வரி இல்லை. தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த மருத்துவமனை என்பது இப்போது முக்கியமில்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர் எடுத்தது. பல் அடிக்கும் அளவுக்கு நடுக்கம். மழையில் நனைந்ததால் வந்த ஜுரம் என்று நினைத்து, ஒரு பாராசிட்டமால் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். ஒன்பது மணிக்கு இரண்டு முறை வாந்தி. பதினொரு மணிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. என் மகன் என் கால் விரல்களைப் பார்த்துப் பயந்துபோனான், நீலமாகி இருந்தன. அவசரப் பிரிவுக்குப் போனபோது ரத்த அழுத்தம் எடுக்கவே கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, சிறுநீரகம் நின்று, வயிற்றில் நீர் சேர்ந்து, கல்லீரல் ஒரு படி கீழே போய்த்தான் திரும்பி வந்தேன்.

ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் ஐந்தே மணி நேரம். அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நெய்தல்:
அக்கா, படித்துவிட்டுக் கை நடுங்கியது. இவ்வளவு வேகமாகவா?

பழைய மருத்துவர்:
நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவர். செங்காந்தளுக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, மண்ணீரல் நீக்கத்துக்குப் பிறகான பெருந்தொற்று. அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் பழைய பதிவுகளில் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வருடங்களில் ஆபத்து அதிகம், ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. இருபது, முப்பது வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

இது ஏன் என்று புரிந்தால் நெய்தலின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி ஆகிய பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன வழுக்கும் உறை ஒன்றைப் போர்த்தியிருக்கும். விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குப் பிடி கிடைக்காது. அந்த உறையின் மேல் ஒட்டக்கூடிய எதிர்ப்பொருளைச் சட்டென்று உண்டாக்கும் பி செல்கள் மண்ணீரலின் விளிம்புப் பகுதியில்தான் நிறைந்திருக்கின்றன. அப்புறம், ரத்தம் மண்ணீரலுக்குள் மிக மெதுவாக, குறுகலான இடுக்குகள் வழியே வடிகிறது. எதிர்ப்பொருள் சரியாக ஒட்டாத கிருமியைக்கூட அந்த இடத்தில் வைத்துப் பிடித்துவிட முடியும்.

மண்ணீரல் இல்லாதவருக்கு யார் துணை? கல்லீரல். அதிலுள்ள கூப்ஃபர் செல்கள் ரத்தத்திலிருந்து கிருமிகளைப் பிடித்து விழுங்குபவை. ஆனால் அவற்றுக்குக் கிருமியின் மேல் நன்றாக அடையாளம் குத்தியிருக்க வேண்டும். அந்த அடையாளம் குத்தும் காம்ப்ளிமெண்ட் புரதங்களையும் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது. விபத்தில் மண்ணீரல் சிதைந்து எடுக்கப்பட்ட ஓர் இளைஞனுக்கு நல்ல கல்லீரல் கைகொடுக்கும். சிரோசிஸ் நோயாளிக்கு அந்தக் கையே தளர்ந்திருக்கிறது: காம்ப்ளிமெண்ட் குறைவு, கூப்ஃபர் செல்கள் நலிவு, மேலும் ரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலே சுற்றுவழிக் குழாய்களில் போய்விடுகிறது. குடலிலிருந்து பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் கசிவதும் இந்நோயில் அதிகம். வயிற்று நீரில் தானாகத் தொற்று வருவது அதனால்தான். வாசலில் நின்ற இரண்டு காவலர்களில் ஒருவர் ஏற்கெனவே நோயாளி. இன்னொருவரையும் அனுப்பிவிடலாமா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் நேற்றுத் தெரிந்த செய்தி அல்ல. 1919-லேயே மாரிஸ், புல்லக் என்ற இருவர் மண்ணீரல் எடுக்கப்பட்ட எலிகள் தொற்றில் அதிகம் மடிவதைக் காட்டினார்கள். மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1952-ல் கிங், ஷூமேக்கர் இருவரும், பிறவி ரத்தக் கோளாறுக்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் கடும் தொற்றுக்கு ஆளானதை எழுதியபிறகுதான் விழித்துக்கொண்டது. நடுவில் எத்தனை மண்ணீரல்கள் எடுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1894-ல் இத்தாலியின் குய்டோ பாண்டி, மண்ணீரல் வீக்கம்தான் முதலில் வருகிறது, சிரோசிஸ் அதன் விளைவு என்று எழுதினார். பல பத்தாண்டுகள் அந்த நம்பிக்கையிலேயே மண்ணீரலை எடுத்தார்கள். பெரும்பாலும் கதை நேர்மாறு என்பது பிறகு தெரிந்தது.

கீழ்வானம்:
ஐயா, நீங்கள் சொல்வது நல்ல மண்ணீரலைப் பற்றி. 19 செ.மீ. வீங்கிய மண்ணீரல் அந்த வேலையெல்லாம் சரியாகச் செய்கிறதா? எங்கள் மருத்துவர், சிரோசிஸில் மண்ணீரலே உடம்புக்கு எதிராக வேலை செய்கிறது, அதை எடுத்தால் கல்லீரல் கொஞ்சம் தேறுகிறது என்று ஆய்வுகள் இருப்பதாகச் சொன்னார். அது பொய்யா?

பழைய மருத்துவர்:
பொய் இல்லை தம்பி. நல்ல கேள்வி, ஒதுக்கிவிடக் கூடாதது. தேங்கிய ரத்தத்தில் ஊறிக் கிடக்கும் மண்ணீரல் நார்படிந்து தன் வடிவத்தை இழக்கிறது என்பது உண்மை. தழும்பை வளர்க்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்களை அது போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்கு அனுப்புகிறது என்பதும், மண்ணீரல் நீக்கப்பட்ட எலிகளில் கல்லீரல் தழும்பு குறைந்தது என்பதும் பதிவான செய்திகள். ஜப்பானிலும் சீனாவிலும் சிரோசிஸுக்கு இந்த அறுவை மேற்கு நாடுகளைவிட அதிகம் நடக்கிறது. அங்கிருந்து வரும் கட்டுரைகளில் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களின் விகிதம் சீரானதாகவும் படித்திருக்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயம். அறுவைக்கு அழைத்துச் செல்லப்படுகிறவர்களே கல்லீரல் ஓரளவு நன்றாக இருப்பவர்கள். எடுக்காமலே இருந்தாலும் அவர்களில் பலர் நன்றாக இருந்திருப்பார்கள். இரண்டாவது, ரத்தக்குழாயில் டி செல்லின் விகிதம் மாறுவதும், ஒரு நியூமோகாக்கஸ் இரவில் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல. எதிர்ப்பாற்றல் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே பல படைகள் இருக்கின்றன. ஒரு படை தேறலாம், இன்னொன்று இல்லாமலே போகலாம். "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று ஒற்றை வாக்கியத்தில் ஒருவரை அறுவைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எடுக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மண்ணீரல் சிரை மட்டும் உறைந்து அடைத்து அதனால் இரைப்பையில் குழாய்கள் புடைத்து ரத்தம் கொட்டுகிறவருக்கு மண்ணீரலை எடுத்தால் அநேகமாக நோயே தீர்ந்துவிடும். மண்ணீரல் தமனியில் வீங்கிய பை, மண்ணீரலில் கட்டி, வேறு எந்த வழியிலும் நிற்காத ரத்தப்போக்கு, உயிருள்ள கொடையாளரின் சிறிய கல்லீரல் துண்டைப் பொருத்தும்போது அதன்மேல் அழுத்தம் அதிகமாவது, இப்படிச் சரியான காரணங்கள் உண்டு. பல் எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

குறிஞ்சி:
தொற்றைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். என் கணவருக்கு நடந்தது வேறு. இரைப்பையில் திரும்பத் திரும்ப ரத்தம் வந்து, மண்ணீரலை எடுத்துச் சுற்றியுள்ள குழாய்களையும் கட்டினார்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அந்த அறுவைதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் பத்தாவது நாள் மேல்வயிற்றில் மந்தமான வலி, லேசான சூடு. தையல் வலி என்றுதான் நினைத்தோம். ஸ்கேனில் பார்த்தால் போர்ட்டல் சிரைக்குள் ரத்தக்கட்டி.

மருத்துவர் படம் வரைந்து காட்டினார். மண்ணீரலிலிருந்து பெரிய ஆறு போல வந்துகொண்டிருந்த ரத்தம் திடீரென்று நின்றுவிட, அந்தச் சிரையின் வெட்டிய முனையில் ரத்தம் தேங்குகிறது. அதே சமயம் பிளேட்லெட் கிடுகிடுவென்று ஏறுகிறது. தேக்கமும் பிளேட்லெட்டும் சேர்ந்தால் கட்டிதான். சிரோசிஸ் நோயாளிகளுக்கு மண்ணீரல் எடுத்தபிறகு இது அபூர்வமே இல்லையாம். ஆறு மாதம் ரத்தம் உறையாத மருந்து கொடுத்தார்கள். கட்டி பெரும்பாலும் கரைந்தது, முழுக்க இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டால் அந்த போர்ட்டல் சிரையோடுதான் புதுக் கல்லீரலை இணைக்க வேண்டும். அது அடைத்துக் கிடந்தால் மாற்று அறுவை கடினமாகிறது, சிலருக்கு முடியாமலே போகிறது. பிளேட்லெட் மூன்று லட்சம் ஆனதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்ட அதே வாரத்தில்தான் உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதல் வாரத்திலேயே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எப்போது, உறையாத மருந்து எப்போது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நெய்தல்:
இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. சரி, அப்படியானால் பல்லை எப்படி எடுப்பது? 41,000-ல் தொடவே மாட்டேன் என்கிறார் பல் மருத்துவர். மண்ணீரலை எடுக்காமல் பிளேட்லெட்டை ஏற்ற வழி இருக்கிறதா?

இரவுப்பணி:
இருக்கிறது. முதல் கேள்வி, ஏற்ற வேண்டுமா என்பதே. பல் எடுப்பதில் ரத்தம் வந்தால் விரலால் அழுத்த முடியும், தையல் போட முடியும், ரத்தம் நிறுத்தும் பஞ்சை வைக்க முடியும், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லலாம். கல்லீரல் மருத்துவரும் பல் மருத்துவரும் ஒருமுறை போனில் பேசிக்கொண்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். எங்கள் வார்டிலிருந்து அப்படி எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறோம்.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவட்ரோம்போபாக், லூசுட்ரோம்போபாக் என்று இரண்டு மாத்திரைகள் இருக்கின்றன. நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சைக்கு முன் பிளேட்லெட்டை ஏற்றவே 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. முன்னதை 5 நாள், பின்னதை 7 நாள் சாப்பிட்டு, சில நாள் இடைவெளி விட்டுச் சிகிச்சை செய்வார்கள். ஏறிய பிளேட்லெட் பிறகு தானாகப் பழைய நிலைக்கு இறங்கிவிடும், அதுதான் வேண்டியதும். இதே குடும்பத்தின் எல்ட்ரோம்போபாக்கைச் சிரோசிஸ் நோயாளிகளிடம் இதற்காகச் சோதித்தபோது போர்ட்டல் சிரையில் கட்டி வந்து சோதனையை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் அப்பாவுக்கு ஏற்கெனவே அங்கே கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த மாத்திரையும். குறிஞ்சி அக்கா சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

மண்ணீரலுக்குள் போகும் தமனியின் கிளைகளில் ஒரு பகுதியை மட்டும் கதீட்டர் வழியாக அடைக்கும் முறையும் உண்டு. 50 முதல் 70 சதவீதம் பகுதியைச் செயலிழக்கச் செய்து மீதியை விட்டுவைப்பார்கள். மிஞ்சியது காவல் வேலையைத் தொடரும் என்பது கணக்கு. ஆனால் அது லேசான விஷயம் இல்லை. நாட்கணக்கில் காய்ச்சலும் இடுப்புக்கு மேல் கடும் வலியும் வரும், சிலருக்கு உள்ளே சீழ் கட்டும். பல்லுக்காக அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

கீழ்வானம்:
தாளைத் தேடிப் பார்த்தேன். இரவுப்பணி, நீங்கள் கேட்டது சரிதான். நியூமோகாக்கல் ஊசி ஒன்று மட்டும், அதுவும் அறுவைக்கு இரண்டு நாள் முன்பு. வேறு எதுவும் இல்லை. "காய்ச்சல் வந்தால்" என்று எதுவும் எழுதவில்லை. போன மாதம் அவளுக்கு மூன்று நாள் சளிக் காய்ச்சல் இருந்தது, நாங்கள் வீட்டிலேயே வைத்திருந்தோம். செங்காந்தள் எழுதியதைப் படித்தபிறகு அந்த மூன்று நாளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது என்ன செய்வது? நேரம் கடந்துவிட்டதா?

இரவுப்பணி:
கடக்கவில்லை. இப்போதும் போடலாம், போட வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 14 நாள் முன்பே தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும், எதிர்ப்பொருள் உருவாக அவ்வளவு நாள் தேவை. முன்பே முடியாவிட்டால் அறுவை முடிந்து 14 நாளுக்குப் பிறகு. உங்கள் அக்காவுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை: நியூமோகாக்கல் ஊசியில் எந்த வகை போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். கான்ஜுகேட் என்ற வகையில், நியூமோகாக்கஸின் 20 ரகத்துக்கான ஊசி போட்டிருந்தால் ஒன்றே போதும். 13 ரகமோ 15 ரகமோ என்றால் குறைந்தது 8 வாரம் கழித்து 23 ரக ஊசி தொடர வேண்டும். மெனிங்கோகாக்கல் ஊசி ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு இரண்டு டோஸ், 8 வாரம் இடைவெளியில், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. பி வகைக்குத் தனி ஊசி. ஹீமோபிலஸ் பி முன்பு போடாதவருக்கு ஒரு டோஸ். ஃப்ளூ ஊசி வருடா வருடம், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம், ஊசிதான். சிரோசிஸ் உடம்பில் தடுப்பூசிக்கு எதிர்வினை மற்றவர்களைவிடக் குறைவாகவே வரும், அதனால் ஊசி போட்டாயிற்று என்று காய்ச்சலை விட்டுவிடக் கூடாது.

நெய்தல், உங்கள் அப்பாவுக்கும் இதில் பாதி பொருந்தும். மண்ணீரல் இருந்தாலும் சிரோசிஸ் என்றாலே நியூமோகாக்கல், ஃப்ளூ, ஹெபடைடிஸ் ஏ, பி எல்லாம் போட்டிருக்க வேண்டும். போட்டிருக்கிறாரா?

காய்ச்சலைப் பற்றிச் சிரோசிஸ் வீடுகளில் பலருக்குத் தெரியாத ஒன்று. தொற்று வந்தால் ரத்தத்தில் சிஆர்பி ஏறும் என்று பார்க்கிறோமே, அந்தப் புரதத்தைச் செய்வதும் கல்லீரல்தான். கல்லீரல் மிகவும் தளர்ந்தால் அது எதிர்பார்த்த அளவு ஏறாமல் போகலாம். வழக்கமாக வெள்ளை அணு 2,100 இருப்பவருக்குத் தொற்றில் 6,000 ஆனால் தாளில் "இயல்பு" என்றுதான் வரும். அவருக்கு அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மண்ணீரல் எடுத்தவருக்கோ எப்போதுமே கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஆகவே அவரவரின் வழக்கமான எண் என்ன என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் முதலில் அதைக் காட்டுங்கள். எத்தனையோ முறை அந்தத் தாள்தான் இரவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு வழி காட்டியிருக்கிறது.

செங்காந்தள்:
கீழ்வானம், பயப்படாதீர்கள், ஆனால் இன்றைக்கே தொடங்குங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன். பர்ஸில் ஒரு அட்டை: "எனக்கு மண்ணீரல் இல்லை, சிரோசிஸ் உண்டு, காய்ச்சல் என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கவும்." வீட்டில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஒரு டோஸ் எப்போதும் இருக்கும். 38 டிகிரி தாண்டினாலோ, காய்ச்சலே இல்லாமல் உடம்பு நடுங்கினாலோ, முதலில் அதைப் போட்டுக்கொண்டு நேரே மருத்துவமனை. மாத்திரையைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பது அல்ல, போகும் வழிக்கு அது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். கடந்த சில வருடங்களில் நான்கு முறை போயிருக்கிறேன், மூன்று முறை வெறும் வைரஸ். ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

நாய் கடித்தாலோ நக்கிய இடத்தில் காயம் இருந்தாலோகூட உடனே போக வேண்டும். நாயின் வாயில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களை மிக வேகமாகச் சாய்த்துவிடும். மலேரியா உள்ள இடத்துக்குப் போவதற்கு முன் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். பாராசிட்டமால் சிரோசிஸுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். வலி மாத்திரையில் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைத் தொடவே கூடாது, சிறுநீரகமும் கெடும், ரத்தமும் போகும்.

பழைய மருத்துவர்:
அந்த ஒரு டோஸ் எந்த மருந்து என்பதை அவரவர் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஒவ்வாமை, சிறுநீரகம் எல்லாம் பார்த்து. இங்கே பெயர் கேட்டு வாங்க வேண்டாம். மற்றபடி செங்காந்தள் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை.

நெய்தல்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கல்லீரல் மருத்துவரைப் பார்த்தோம். நீங்கள் எல்லோரும் எழுதியதை வைத்து ஏழு கேள்வி எழுதிக்கொண்டு போனேன், பொறுமையாகப் பதில் சொன்னார். அப்பாவின் கல்லீரல், சிரோசிஸின் கடுமையை அளக்கும் சைல்டு-பியூ கணக்கில் ஏ பிரிவு, அதாவது இருப்பதில் நல்ல நிலை. மண்ணீரலை எடுக்க எந்தக் காரணமும் இல்லை, நாளைக்கு மாற்று அறுவை வந்தால் அந்த போர்ட்டல் சிரை நமக்கு வேண்டும் என்றார். அதில் ரத்தக்கட்டி இல்லை என்று டாப்ளரில் பார்த்தாயிற்று. மாற்று அறுவை நடந்தால் அழுத்தம் குறைந்து மண்ணீரலும் மெல்ல மெல்லச் சுருங்கும் என்றும் சொன்னார்.

அப்பாதான் விடவில்லை. "அப்ப இந்த நாற்பத்தோராயிரம்?" என்று கேட்டார். மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திருப்பிவைத்து, "உங்க பிளேட்லெட் எல்லாம் இங்கதான் இருக்கு, எங்கேயும் போகல" என்று மண்ணீரலைத் தொட்டுக் காட்டினார். வண்டியில் வரும்போது அப்பா இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று இரவு தூங்கினார்.

பல் போன வாரம் எடுத்தாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு பல்லாக, தையலும் பஞ்சும் வைத்து. மாத்திரை தேவைப்படவில்லை. முதல் நாள் ராத்திரி கொஞ்சம் கசிந்தது, அழுத்திப் பிடித்ததும் நின்றது. ஹெபடைடிஸ் பி முதல் டோஸும் நியூமோகாக்கலும் போட்டாயிற்று. இதுவரை எதுவுமே போட்டிருக்கவில்லை, நான்கு வருடத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

குறிஞ்சி:
நல்ல செய்தி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேனை மட்டும் விட்டுவிடாதீர்கள், சிரோசிஸில் புற்றுக்கட்டி ஏதும் தொடங்கினால் அதில்தான் முதலில் தெரியும்.

கீழ்வானம்:
அக்காவுக்கு நேற்று மெனிங்கோகாக்கல் முதல் டோஸும் ஹீமோபிலஸும் போட்டோம். போன வருடம் போட்டது 13 ரகம் என்று பழைய ரசீதைப் பார்த்து மருத்துவர் கண்டுபிடித்தார், அதனால் 23 ரகத்தையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். கை வீங்கி வலிக்கிறது என்கிறாள். ராத்திரி 37.6 இருந்தது, நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்தேன், காலையில் இறங்கிவிட்டது. மருத்துவர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார், அவள் பையில் ஒன்று, என் பையில் ஒன்று. அடுத்த டோஸ் எட்டு வாரம் கழித்து.